அயர்லாந்தில் ‘கோட்டை’ என்று குறித்த இடத்தில் ஏன் வெறும் மண்மேடு?

கேள்வி சுருக்கமாக இது: அயர்லாந்தின் மீத் பக்கம் சுற்றிய ஒருவர், தொல்லியல் வரைபடத்தில் ‘இடைக்காலக் கோட்டை’ என்று குறித்திருந்த சில இடங்களைத் தேடிப் போயிருக்கிறார். போன இடத்திலெல்லாம் புல் மூடிய மேடு, அதைச் சுற்றி ஆழமில்லாத ஒரு பள்ளம், மேய்கிற மாடுகள். ஒரு கல்கூட இல்லை. கோட்டை எங்கே போயிற்று? ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிவிட்டார்களா? அந்த நாடு முழுக்க இருக்கிற பழைய வட்ட மண்கரைகளிலிருந்து இதை எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

முதல் கேள்விக்கு நேரான பதில்: கோட்டை எங்கும் போகவில்லை. அவர் பார்த்த மேடுதான் கோட்டை. பெரும்பாலான இடங்களில் கல் என்று ஒன்று இருந்ததே இல்லை.

கோட்டை என்றதும் கல் மதிலும் கொத்தளமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்துக்குள் நுழைந்த நார்மன் வழிப் பிரபுக்களுக்கு (பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்களின் வழியினர்) அப்படிக் கட்ட அவகாசம் இல்லை. பகை நாட்டின் நடுவே, அடுத்த தாக்குதல் வருவதற்குள் தலைக்கு மேல் ஒரு பாதுகாப்பு வேண்டும். கையில் இருந்தது மண்ணும் மரமும். மண்ணை வெட்டிக் குவித்து அதன்மேல் மரத்தை நட்டார்கள். மரம் எரிந்தது, எரியாதது உளுத்தது. மண் மட்டும் எண்ணூறு ஆண்டுக்கு மேலாக அப்படியே நிற்கிறது.

இது எவ்வளவு அவசர வேலை என்பது தொடக்கத்திலேயே தெரிகிறது. 1169 மே மாதம் ராபர்ட் ஃபிட்ஸ்ஸ்டீஃபன் வெக்ஸ்ஃபோர்டு கரையில் பானோ விரிகுடாவில் இறங்கினார். நாட்டைப் பறிகொடுத்த லென்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோவின் அழைப்பில் வந்தவர் அவர். மறு ஆண்டு மே மாதம் ரேமண்ட் லெ குரோ, பத்து நைட்டுகளோடும் (கவசமணிந்த குதிரை வீரர்கள்) எழுபது வில்லாளிகளோடும் பக்கத்திலேயே பாகின்பன் என்ற நிலமுனையில் இறங்கினார். கடலுக்குள் நீண்டுகொண்டிருக்கும் முனை அது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, கீழே கடல். நிலத்தோடு சேரும் கழுத்தை மட்டும் மறித்தால் போதும். மறித்தார்கள். மிலாறும் புல்கட்டியும் வைத்து எழுப்பிய அரண் என்று அக்கால வரலாற்றாசிரியரான வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதுகிறார். வாட்டர்ஃபோர்டிலிருந்து பெரும்படை வந்து தாக்கியபோது, உள்ளே ஓட்டிவைத்திருந்த மாட்டு மந்தையை வாயிலைத் திறந்து வெளியே விரட்டிவிட்டார் ரேமண்ட். மிரண்ட மாடுகள் பகைவர் வரிசையைக் கலைத்தன, பின்னாலேயே வில்லாளிகள் பாய்ந்தார்கள். பிடிபட்ட எழுபது வாட்டர்ஃபோர்டு நகரத்தாரின் கைகால்களை முறித்துப் பாறை விளிம்பிலிருந்து கடலில் வீசியதையும் ஜெரால்டு மறைக்கவில்லை. அந்த மண்கரை இன்றும் பாகின்பன்னில் இருக்கிறது. கடல் பார்க்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

ஃபிட்ஸ்ஸ்டீஃபன் கட்டியது வெக்ஸ்ஃபோர்டு நகரத்துக்கு மேற்கே, ஸ்லேனி ஆற்றங்கரையில், ஃபெரிகாரிக் பாறை மேல். 1171இல் அங்கே முற்றுகையிடப்பட்டுச் சரணடைந்தார். அகழாய்வில் பாறையைக் குடைந்து வெட்டிய அகழி வெளிப்பட்டது. இன்று அது ஒரு தேசிய மரபுப் பூங்காவின் பகுதி. வேடிக்கை என்னவென்றால், கிரிமியப் போரில் இறந்த வெக்ஸ்ஃபோர்டு வீரர்களின் நினைவாக 1850களில் பழைய அயர்லாந்து மடாலயக் கோபுரத்தைப் போலவே ஒரு உருண்டைக் கோபுரத்தை அந்தக் கோட்டை வளையத்துக்குள் கட்டிவைத்தார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் அந்த 19ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தைத்தான் பழைமை என்று படம் எடுக்கிறார்கள். காலடியில் இருக்கும் 12ஆம் நூற்றாண்டு யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, மீத் பகுதிக்கு வருவோம். கேள்வி கேட்டவர் சுற்றியது அங்கேதான், மண்கோட்டைகள் மிக நெருக்கமாக இருப்பதும் அங்கேதான். 1171இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி நேரில் அயர்லாந்துக்கு வந்தார். மறு ஆண்டு, ஐம்பது நைட்டுகளின் படைச்சேவை என்ற நிபந்தனையோடு, பழைய மீத் அரசு முழுவதையும் ஹியூ டி லேசி என்ற பிரபுவுக்குக் கொடுத்தார். கொடுத்தது காகிதத்தில். நிலம் அங்கே வாழ்ந்த அயர்லாந்துக்காரர்களின் கையில் இருந்தது. டி லேசி அதைத் துண்டு துண்டாக்கித் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஸ்லேன் ரிச்சர்ட் ஃப்ளெமிங்குக்கு, கிரானார்ட் ரிச்சர்ட் டி டூயிட்டுக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. துண்டு கிடைத்தவர் அங்கே போய் உட்கார்ந்து காட்டினால்தான் அது அவருடையது. உட்கார ஒரு கோட்டை வேண்டும். மீத்தில் வயலுக்கு வயல் மேடு தென்படுவதற்குக் காரணம் இந்தப் பங்கீடுதான்.

டி லேசி தனக்கென்று தேர்ந்த இடம் பாய்ன் ஆற்றங்கரை ட்ரிம். இன்று அங்கே போனால் இருபது மூலைகளோடு ஒரு பிரம்மாண்டமான கல்கோட்டை நிற்கிறது. ஆனால் 1172இல் அவர் முதலில் கட்டியது அது அல்ல. நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்ட ஒரு பழைய செய்யுள் வரலாறு சொல்வது: ஒரு வீடு கட்டி, சுற்றிலும் அகழி வெட்டி, கூர்முனை மரவேலி போட்டார். காவலுக்கு ஹியூ டைரலை வைத்துவிட்டுப் போனார். அயர்லாந்தின் பேரரசர் ரோரி ஓ கானர் பெரும்படையோடு வந்தார். டைரல் உதவி கேட்டு, லென்ஸ்டரைக் கையில் வைத்திருந்த நார்மன் தலைவர் ஸ்ட்ராங்போவுக்கு ஆள் அனுப்பினார். உதவி வந்து சேருவதற்குள் தாக்குப்பிடிக்க முடியாமல் இடத்தை விட்டு வெளியேறினார். ஓ கானரின் ஆட்கள் வீட்டைக் கொளுத்தினார்கள், மண்ணைத் தரையோடு தரையாகத் தள்ளினார்கள். இதெல்லாம் பாட்டில் வருவது. 1970களிலும் 1990களிலும் ட்ரிம்மில் அகழாய்வு செய்தபோது, இன்றைய கல்கோபுரத்தைச் சூழ்ந்து அந்த முதல் வளையத்தின் அகழி கிடைத்தது. பாட்டும் மண்ணும் ஒத்துப்போகிற இடங்கள் இடைக்கால வரலாற்றில் அதிகம் கிடையாது. இது அவற்றில் ஒன்று.

ட்ரிம்மில் இருந்த அந்த முதல் கோட்டை ரிங்வொர்க் வகை. அதாவது தரையில் ஒரு வளையம்: வெளியே அகழி, உள்ளே அந்த மண்ணாலேயே உயர்த்திய கரை, கரைமேல் மரவேலி, நடுவே வீடு. இதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது மொட் வகை. இதில் வெட்டிய மண்ணைக் கரையாக்காமல் நடுவிலேயே குவித்து, தட்டையான உச்சி கொண்ட செயற்கைக் குன்று ஆக்கிவிடுவார்கள். பெரும்பாலும் வட்டம். அடியில் முப்பது நாற்பது மீட்டர், உச்சியில் பத்துப் பதினைந்து மீட்டர் அகலம் என்பது சாதாரணமாகப் பார்க்கிற அளவு. உச்சியின் விளிம்பில் வேலி, நடுவில் மரக்கோபுரம். சில இடங்களில் மேட்டை ஒட்டிக் கீழே இன்னொரு அடைப்பு இருக்கும். அதுதான் பெய்லி. தனி அகழி, தனிக் கரை. குதிரை லாயம், சமையல், களஞ்சியம், ஆட்கள் எல்லாம் அங்கே. இரண்டுக்கும் நடுவே மரப்பாலம்.

மொட் என்பதை வெறும் மண்குவியல் என்று எண்ணிவிடக் கூடாது. அப்படிக் குவித்தால் முதல் மழைக்காலத்திலேயே சரிந்துவிடும். களிமண், சரளை, புல்கட்டி என்று அடுக்கடுக்காகப் போட்டு, இடித்து இறுக்கித்தான் உயர்த்துவார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்தப் பட்டைகள் தெரியும். அகழியும் அப்படித்தான், வேலை முடிந்த நாளிலேயே தூரத் தொடங்கிவிடும். இன்று இடுப்பளவு பள்ளமாகத் தெரிவது அப்போது ஆளுக்கு மேல் ஆழமாக இருந்திருக்கும். அதே அளவுக்கு மேடும் கரைந்து உருண்டிருக்கும். ஆகவே பார்ப்பவர் மனத்தில் மேட்டைக் கொஞ்சம் கூர்மையாக்கி, பள்ளத்தைத் தோண்டி, உச்சியில் வேலியும் கோபுரமும் ஏற்றிக்கொண்டால்தான் கோட்டை தெரியும்.

வேலிக்குள் என்ன இருந்தது என்பதற்கு நல்ல சான்று, தீவின் வடகிழக்கே டவுன் (Down) என்ற பகுதியின் கிளாஃப் கோட்டை. 1950களின் தொடக்கத்தில் அதன் உச்சியைத் தோண்டினார்கள். 1200 வாக்கில் போட்ட மரவேலியின் தடமும், வேலிக்குச் சற்று உள்ளே விளிம்பு நெடுகிலும் சிறு குழிகளும் கிடைத்தன. வில்லாளிகள் பதுங்கி நின்று எய்வதற்கான குழிகள் என்பது அகழ்ந்தவர்களின் விளக்கம். பின்னர் அதே உச்சியில் 13ஆம் நூற்றாண்டு மண்டபம் ஒன்று, அப்புறம் ஒரு கல்கோபுரம். அந்தக் கோபுரத்தின் இடிபாடு மேட்டின் தலையில் இன்னும் நிற்கிறது. மேடு, சிறு பெய்லி, அகழி மூன்றும் ஒரே பார்வையில் அகப்படுவதால், முதல் முறை பார்க்கப் போகிறவருக்கு நான் சொல்கிற இடம் இதுதான்.

மரக்கோட்டை எவ்வளவு தூரம் காப்பாற்றும்? 1176இல் ஸ்லேனில் நடந்ததை அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள் எழுதிவைத்திருக்கின்றன. வடக்கிலிருந்து வந்த கெனேல் நோகன் குலத்தாரும் அவர்களின் மன்னர் மக்லோக்லினும் ரிச்சர்ட் ஃப்ளெமிங்கின் கோட்டையை அழித்தார்கள். அங்கிருந்த அந்நியர் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் குதிரைகளும் அந்தக் கணக்கில் இல்லை. ஒருவரும் தப்பவில்லை என்கிறது குறிப்பு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வரி: மறுநாளே கெல்ஸ், கால்ட்ரிம், டெரிபேட்ரிக் ஆகிய மூன்று கோட்டைகளையும் அவற்றில் இருந்தவர்களே பயத்தில் அழித்துவிட்டுப் போனார்கள். ஒரு கோட்டை விழுந்தால் வரிசையாக மூன்று காலியாகும் அளவுக்கு இவை தனித்தனியே பலவீனமானவை. ஒன்றுக்கொன்று துணையாக நின்றால்தான் பலம். கால்ட்ரிம்மிலும் டெரிபேட்ரிக்கிலும் மேடுகள் இன்னமும் இருக்கின்றன. கேள்வி கேட்டவர் பார்த்த மேடுகளில் இவையும் ஒன்றாக இருந்தால் வியப்பில்லை.

ட்ரிம்மை ஆண்ட டி லேசியின் முடிவும் ஒரு மேட்டடியில்தான். 1186இல் ஆஃபலி பகுதியில் டரோ என்ற இடத்தில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். அது புனித கொலம்பாவின் பழைய மடாலயம் இருந்த இடம். வேலையைப் பார்வையிட மூன்று ஆங்கிலேயர்களோடு அவர் வந்தபோது, மேலாடைக்குள் கோடரியை மறைத்துக்கொண்டு அணுகிய அயர்லாந்து இளைஞன் ஒருவன் ஒரே வெட்டில் தலையைத் துண்டித்தான். தலையும் உடலும் கோட்டை அகழியிலேயே விழுந்தன என்று ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. வெட்டியவன் காட்டுக்குள் ஓடித் தப்பினான். ஆலயங்களைப் பாழாக்கியவர் என்றுதான் அந்தக் குறிப்பு டி லேசியை நினைவுகூர்கிறது. டரோ மேடு மரங்கள் சூழ இன்றும் இருக்கிறது.

மடாலய நிலத்தில் கோட்டை கட்டுவது டி லேசியோடு முடியவில்லை. ஷானன் ஆற்றங்கரையில் குளோன்மக்நாய்ஸ் என்ற புகழ்பெற்ற மடாலயத்தின் அருகே 1214இல் அரசு சார்பில் ஒரு கோட்டை எழுந்தது. அதற்காகப் பறித்த நிலம், வெட்டிய பழமரங்கள், கொண்டுபோன பசு, குதிரை, காளை, வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஊர் ஆயருக்கு ஈடு கொடுக்கும்படி 1216இல் உத்தரவு போயிற்று. கோட்டை கட்டுவது என்றால் சுற்றுவட்டாரத்தை எப்படி உறிஞ்சும் என்பதற்கு இந்த ஒரு பட்டியல் போதும். அங்கே மண்வேலைக்கு மேல் பிறகு கல்லும் வைத்தார்கள். இன்று பெரிய சுவர்த்துண்டுகள் கோணலாகச் சாய்ந்து நிற்க, அவற்றைச் சுற்றி ஆழமான அகழி ஓடுகிறது. மடாலயத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இனி இரண்டாவது கேள்வி, கடினமான கேள்வி. பழைய வட்டக் கரையையும் கோட்டையையும் எப்படிப் பிரிப்பது?

அயர்லாந்தில் ராத் எனப்படும் வட்டக் கரைகள் சுமார் 45,000 உண்டு. பெரும்பாலானவை கி.பி. 6 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியவை. அவை கோட்டைகள் அல்ல, வசதியான விவசாயக் குடும்பங்களின் வளவுகள். உள்ளே வீடு, சுற்றி ஒரு கரையும் பள்ளமும், பொதுவாக முப்பது மீட்டரை ஒட்டிய உள் அகலம். மாட்டைத் திருட வருகிறவனைத் தடுக்கப் போதும், படையைத் தடுக்கப் போதாது. மொட்கள் நானூறு ஐந்நூறு என்ற அளவில்தான் இருக்கின்றன. ரிங்வொர்க் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை சில பத்துகள் மட்டுமே.

மொட் என்றால் சிக்கல் குறைவு. உயரமும் தட்டை உச்சியும் பெய்லியும் காட்டிக்கொடுத்துவிடும். ரிங்வொர்க்கில்தான் தகராறு. அதுவும் ஒரு வட்டக் கரை, ராத்தும் ஒரு வட்டக் கரை. கரை வழக்கத்தைவிடப் பருமனாக இருக்கிறதா, அகழி அகலமாக இருக்கிறதா, உள்வெளி சிறியதா, நிலமுனையையோ ஆற்று வளைவையோ பயன்படுத்தியிருக்கிறதா, வாயிலில் கட்டடம் இருந்த தடம் உண்டா என்று பார்ப்பார்கள். இவை அறிகுறிகள்தான், தீர்ப்பு அல்ல. மேற்பரப்பைப் பார்த்து மட்டும் ஒன்றை ரிங்வொர்க் என்று முத்திரை குத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆவணமும் இல்லாமல் அகழாய்வும் இல்லாமல் பட்டியலில் ஏறியவற்றைக் கேள்விக்குறியோடுதான் படிக்க வேண்டும்.

குழப்பம் இன்றைய குழப்பமும் அல்ல. 1180களில் அயர்லாந்துக்கு வந்த அதே ஜெரால்டு, ஆளில்லாமல் கிடந்த ராத்களைப் பார்த்து, அவை நார்வேயிலிருந்து வந்த கொள்ளையர் தலைவன் ஒருவன் விட்டுப்போன அரண்கள் என்று எழுதிவைத்தார். கட்டியவர்கள் உள்ளூர் மக்கள்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தள்ளிவிடலாம்: நார்மன்கள் வரும்வரை அயர்லாந்தில் கோட்டையே இல்லை என்பது. கொன்னாக்ட் மன்னர் டர்லோ ஓ கானர் 1124இல் கால்வே, கோலூனி, பாலினஸ்லோ ஆகிய மூன்று இடங்களில் கோட்டை கட்டியதாக ஆண்டுக்குறிப்புகள் பதிகின்றன. 1129இல் அத்லோனில் ஒன்று. 1164இல் அவர் மகன் ரோரி டூவமில் கட்டியதை ‘அதிசயக் கோட்டை’ என்றே குறிக்கிறார்கள். பெரிய அரசர்களின் போர் முறை மாறிக்கொண்டிருந்தது. நார்மன்கள் கொண்டுவந்தது கோட்டை என்ற எண்ணத்தை அல்ல, ஒவ்வொரு சிறு நிலப்பகுதிக்கும் ஒன்று என்ற எண்ணிக்கையை.

இதில் இன்னொரு முடிச்சு: பழைய ராத்தின் மேலேயே கோட்டை. தயாராக ஒரு கரையும் பள்ளமும் இருக்கும்போது யாராவது புதிதாக வெட்டுவார்களா? டவுன் பகுதியின் ரத்முல்லனிலும் லிஸ்மஹோனிலும் மேட்டைத் தோண்டியபோது, அடியில் ராத் கிடைத்தது. அதை மண்ணிட்டு நிரப்பி உயர்த்தித்தான் மொட் ஆக்கியிருக்கிறார்கள். அயர்லாந்தின் மேடு என்பது பலமுறை பூசிய சுவர் மாதிரி, மேல் பூச்சைப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல முடியாது. மீத் பகுதியில் நோத் என்ற இடத்தில் 5,000 ஆண்டுப் பழைய கல்லறை மேட்டையே கோட்டைக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது கிளேர் பகுதியின் பேல் போரு. டெர்க் ஏரியிலிருந்து ஷானன் ஆறு வெளியேறும் இடத்தில், கிலலூ ஊருக்கு வடக்கே, மரங்களுக்கு நடுவே மிகப் பெரிய ஒரு மண்வளையம். 1000ஆம் ஆண்டை ஒட்டி ஆண்ட பேரரசர் பிரையன் போருவின் கோட்டை என்பது ஊர் மரபு. 1961இல் அங்கே அகழாய்வு நடந்தது. அடியில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குடியிருப்பு, அக்காலத்து வெள்ளி நாணயங்கள் இரண்டு. ஆனால் இன்று பிரம்மாண்டமாகத் தெரிகிற கரை அந்தக் காலத்தது அல்ல. பின்னால் யாரோ பெரிய அகழி வெட்டி, அந்த மண்ணைப் பழைய கரைமேல் கொட்டி உயர்த்திக்கொண்டே வந்து, நடுவை நிரப்பாமலே விட்டுவிட்டார்கள். ஆண்டுக்குறிப்பைப் புரட்டினால் 1207இல் ஆங்கிலேயர் கிலலூ அருகே கோட்டை கட்ட வந்து, எண்ணியது நடக்காமல் திரும்பினார்கள் என்று இருக்கிறது. அதாவது நாம் பார்ப்பது பாதியில் நின்ற மொட். அகழாய்வு நடக்காமல் இருந்திருந்தால் இதைப் பிரையன் போருவின் அரண்மனை என்றே சத்தியம் செய்திருப்போம். டவுன்பேட்ரிக் ஊரின் ஓரத்தில் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கும் பெரிய வளைய அரணுக்குள்ளும் ஒரு குதிரைலாட வடிவ மேடு உண்டு. 1177இல் அந்த ஊரைப் பிடித்த ஜான் டி கோர்சி தொடங்கி முடிக்காமல் விட்ட மொட் அது என்று பலர் கருதுகிறார்கள்.

வட்டம் இல்லாமல் செவ்வகமாக இருந்தால்? அப்போது கதை வேறு. அகலமான, பெரும்பாலும் நீர் நிற்கிற அகழி, நேர் பக்கங்கள், மேடு கிடையாது. இவை 13ஆம் நூற்றாண்டிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்தவை, ஏறத்தாழ ஆயிரம் உண்டு. வெக்ஸ்ஃபோர்டு, கில்கென்னி, டிப்பரரி பக்கம் அதிகம். கட்டியவர்கள் பெரிய பிரபுக்கள் அல்ல, நடுத்தர நிலக்காரர்கள். அகழிக்குள் பண்ணைவீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ராஸ்காமனில் குளூன்ஃப்ரீ என்ற இடத்தில் இப்படி ஒன்றைக் கட்டியவர் அயர்லாந்து மன்னரான ஓ கானர் ஒருவர். அந்த மாளிகையைப் புகழ்ந்து அக்காலப் புலவர் பாடிய பாட்டும் கிடைத்திருக்கிறது. செவ்வகம் என்றால் ஆங்கிலேயர், வட்டம் என்றால் அயர்லாந்துக்காரர் என்ற சுலபக் கணக்கு இங்கே உடைந்துவிடும்.

இடத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு நல்ல வழி, மேட்டை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மொட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இடிந்த இடைக்காலத் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருந்தால், அது வெறும் படைமுகாம் அல்ல, ஒரு பிரபுவின் பண்ணை நிர்வாகம் நடந்த மையம். கோட்டை, கோயில், உழுநிலம், ஆலை எல்லாம் சேர்ந்த ஒரு குடியேற்றம். ஆற்றைக் கடக்கும் துறையை மேலிருந்து பார்க்கும்படி நின்றால் காவல்தான் முதல் நோக்கம். வடக்கே அல்ஸ்டரில் பெரும்பாலான மொட்களுக்குப் பெய்லி கிடையாது, எல்லையோரத்தில் இருப்பவற்றுக்குத்தான் அதிகமாக உண்டு. படை தங்க வேண்டிய இடத்தில்தான் பெய்லி தேவைப்பட்டது என்று இதை விளக்குகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. நாட்டின் தென்மேற்கே கார்க், கெர்ரி பக்கம் போனால் மொட்களே அரிதாகிவிடும். அங்கே ரிங்வொர்க் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், எண்ணிக்கை அந்த இடைவெளியை நிரப்பவில்லை.

உயரத்துக்கு என்று பார்க்கப் போனால் லாங்ஃபோர்டு பகுதியின் கிரானார்ட். 1199இல் ரிச்சர்ட் டி டூயிட் எழுப்பியது, அயர்லாந்தின் மிக உயரமான மொட்களில் ஒன்று. குன்றின் மேல் இருப்பதால் சுற்றிலும் பல மைல் தெரியும். உச்சியில் மரக்கோபுரத்துக்குப் பதில் இப்போது புனித பேட்ரிக் சிலை. அவர் அயர்லாந்துக்கு வந்து 1,500 ஆண்டு ஆனதைக் கொண்டாட 1932இல் வைத்தது. டிப்பரரியில் நாக்கிராஃபன், 1192இல் ஓ பிரையன் என்ற அயர்லாந்து அரச குலத்தாருக்கு எதிராகக் கட்டியது, வடிவம் கலையாமல் இருக்கிறது.

பிறகு ஏன் இவற்றைக் கைவிட்டார்கள்? பணமும் அமைதியும் கிடைத்தவர்கள் ட்ரிம் போலக் கல்லுக்கு மாறினார்கள். மற்றவர்களின் மேடுகள் தலைமுறை இரண்டில் பயன்பாட்டை இழந்தன. 1315இல் ஸ்காட்லாந்திலிருந்து எட்வர்ட் புரூஸ் படையெடுப்பு, கூடவே பஞ்சம், 1348இல் கொள்ளைநோய் என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் குடியேற்றங்களே கலைந்தன. கோட்டை கட்டும் வழக்கம் மறுபடி பெருகியது 15ஆம் நூற்றாண்டில். அப்போது வந்தவை ஒல்லியான கல்கோபுர வீடுகள். டப்ளினைச் சுற்றிய பகுதிகளில் அப்படி ஒன்று கட்டுபவருக்குப் பத்துப் பவுண்டு மானியம் என்று 1429இல் சட்டமே போட்டார்கள். அவற்றைச் சுற்றியிருந்த கல்மதில் அடைப்புகளின் அடித்தளமும் சில இடங்களில் புல்வரப்பாகக் கிடக்கிறது. அதை மொட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இத்தனை மேடுகள் தப்பியதற்கு இரண்டு காரணம். நிலம் பெரும்பாலும் மேய்ச்சல் நிலம், ஏர் படாத மண் அதிகம் கரையாது. இன்னொன்று, வட்டக் கரைகளும் மேடுகளும் தேவதைகளின் வீடு, கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற ஊர் நம்பிக்கை. சட்டம் வருவதற்கு முன்பே அந்தப் பயம் பல இடங்களைக் காத்திருக்கிறது. ஆனாலும் சரளைக்காக வெட்டியதும், இயந்திரம் வந்த பிறகு வயலைப் பெரிதாக்கச் சமன் செய்ததும் நிறைய. அப்படிச் சமனானவையும் முழுக்கத் தொலைவதில்லை. தூர்ந்த அகழியில் ஈரம் தங்குவதால் வறட்சியில் அதன் மேல் பயிர் மட்டும் பசுமையாக நிற்கும். 2018 கோடை வறட்சியில் பாய்ன் பள்ளத்தாக்கில் யாரும் அறியாத பழைய வட்டங்கள் இப்படித்தான் வானிலிருந்து தெரிந்தன.

மறுபடி போவதானால் குளிர்காலத்தில், காலையிலோ மாலையிலோ போவது நல்லது. சாய்ந்த வெயிலில் அரையடி மேடுகூட நிழல் போடும், பெய்லியின் தேய்ந்த கரையை நண்பகலில் பிடிக்கவே முடியாது. போவதற்கு முன் தேசிய நினைவுச்சின்னத் துறையின் இணைய வரைபடத்தையும், அதோடு 1830களில் தொடங்கி வரைந்த ஆறு அங்குல நில அளவைப் படங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். இப்போது இல்லாத பெய்லிகள் பழைய படத்தில் இருக்கும். பல மேடுகள் தனியார் பண்ணைக்குள் இருப்பதால் நிலக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கன்று போட்ட மாடு இருக்கும் வயலில் நாயோடு போகாதீர்கள். உலோகம் தேடும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், உரிமம் இல்லாமல் பழம்பொருள் தேடுவது அயர்லாந்தில் குற்றம். தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.